பாலாற்றங்கரைத் தோல் தொழிலும் நிறங்காட்டியும்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி முதலிய பாலாற்றங்கரை ஊர்களின் தோல் பதனிடும் தொழில் வரலாற்றை அமிலம், காரம் என்னும் இரண்டின் வரலாறாகவும் காணலாம் என்பது நம் கருத்து.

முன்னர் ஆவிரைப் பட்டையே இத்தொழிற்கு முதலாக விளங்கிற்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரடு சாட்டர்டன் சென்னையில் குரோம் முறையை ஆய்ந்து பரப்பினார். இம்முறைக்கு அமில அளவு துல்லியமாக வேண்டும். அதனை எண்ணாற் குறிக்கும் பி.எச். அளவையைச் சாரன்சன் 1909இல் வகுத்தார். 1948இல் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தோன்றிற்று.

சுண்ணாம்பு நீக்கிய தோலின் வெட்டுவாயில் பினாப்தலீன் துளியிட்டால், காரம் எஞ்சியிருப்பின் இளஞ்சிவப்புத் தோன்றும். பின்னர்க் கந்தக அமிலமும் உப்பும் கலந்த நீரில் தோலின் பி.எச். ஏறத்தாழ 3 ஆகும். அந்நிலையில் புரோமோகிரசால் பச்சை மஞ்சளாய் நிற்கும். குரோமியம் உட்புகுந்தபின் சமையற் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, 4 என்னும் அளவையொட்டி நிறுத்துவர்.

ஆயின் நிறங்காட்டி உரையாதது ஒன்று உண்டு. அமிலத்தைக் காரத்தால் நடுநிலையாக்கினால் நீரில் உப்பு எஞ்சும். அதனை அந்நிறம் காட்டாது. நடுநிலை வேறு, தூய்மை வேறு. வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 ஆகஸ்டு 28இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாது போனதைச் சுட்டி, மாசுபடுத்தியோரே ஈடுசெய்க என்றது.

தோலின் வெட்டுவாயில் காட்டிய நுண்மையை ஆற்றுநீரிலும் காட்டியிருத்தல் வேண்டும். இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது இதுவே.