பெயின்ட் அடிக்காதீர்கள்!

ஒரு பழைய எலெக்ட்ரிக் கிடாரை இணையத்தில் செகண்ட் ஹேண்டில் வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அறுபது வருஷத்துச் சரக்கு. அமெரிக்காவில் ஃபெண்டர் கம்பெனி செய்தது. பார்சலைப் பிரிக்கிறீர்கள். பாதி பெயின்ட்டைக் காணோம். கை படுகிற இடமெல்லாம் வெறும் மரம். திருகுகளில் துரு. வால்யூமைத் திருப்பினால் 'கரகர'.

உடனே என்ன தோன்றும்? நல்ல பெயின்டராகப் பிடித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புத்தம்புதுசாக ஆக்கிவிடலாம். தீபாவளிக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கிற புத்தி நமக்கு. சும்மா விடுமா?

தயவுசெய்து வேண்டாம். அந்த உப்புத்தாள் பட்ட நிமிஷத்தில் கிடாரின் விலையில் ஏறத்தாழ பாதி காலி. பழைய கிடார் வியாபாரத்தில் எல்லோரும் ஒப்புக்கொள்கிற கணக்கு இது. எவ்வளவு அழகாக அடித்தாலும் சரி, 'ரீஃபினிஷ்' என்று முத்திரை குத்தி ஓரமாக வைத்துவிடுவார்கள். மறைக்கவும் முடியாது. அல்ட்ரா வயலெட் விளக்கைக் காட்டினால் பழைய பூச்சு ஒரு மாதிரியும் புதுப் பூச்சு வேறு மாதிரியும் மின்னும். குட்டு அம்பலம்.

இதில் பெரிய வேடிக்கை என்ன தெரியுமா? இந்தக் கிடாரை உருவாக்கிய மனிதர், அதைக் கழற்றிப் பூட்டி ரிப்பேர் செய்வதற்கென்றேதான் உருவாக்கினார்.

அவர் பெயர் லியோ ஃபெண்டர். கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்கிற ஊரில் 1938-ல் ரேடியோ ரிப்பேர் கடை போட்டவர். கடைசிவரை அவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. ஒருவேளை அதுதான் நல்லதாகப் போயிற்றோ என்னவோ. தெரிந்திருந்தால் ஆகிவந்த வழியிலேயே போயிருப்பார். அதுவரை கிடார் என்றால் உள்ளே கூடு, மேலே வளைந்த பலகை, கழுத்தைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். கழுத்து வளைந்தால் போச்சு. கைதேர்ந்த ஆசாரி ஒருவர் ஆவி பிடித்துப் பிரித்தெடுக்க வேண்டும்.

லியோ ரேடியோக்காரர் அல்லவா? கெட்டுப்போகிற எதையும் கழற்றி மாட்ட முடியவேண்டும் என்பது அவர் கட்சி. 1950-ல் கட்டைப் பலகை ஒன்றை அறுத்தார். கழுத்தை நான்கே நான்கு திருகுகளில் முடுக்கினார். மின்சார சமாசாரங்களைத் தகட்டில் மாட்டினார். கழுத்து கெட்டதா? ஸ்க்ரூ டிரைவரை எடு, வேறு கழுத்து மாட்டு. ஆச்சு.

அந்தக் கிடாருக்கு முதலில் பிராட்காஸ்டர் என்று பெயர் வைத்தார்கள். கிரெட்ஷ் கம்பெனிக்காரர்கள், ஏறக்குறைய அதே பெயரில் எங்களிடம் டிரம்ஸ் இருக்கிறதே என்றார்கள். ஃபெண்டர் ஆட்கள் என்ன செய்தார்கள்? கையிலிருந்த ஸ்டிக்கரில் 'பிராட்காஸ்டர்' என்கிற வார்த்தையை மட்டும் கத்தரித்துவிட்டு மிச்சத்தை ஒட்டினார்கள்! 1951-ல் டெலிகாஸ்டர் என்று பெயர் மாறும்வரை இந்தக் கூத்து. பெயரில்லாத அந்தக் கிடார்களுக்கு இன்றைக்கு 'நோகாஸ்டர்' என்று பெயர். அகப்பட்டால் அதிர்ஷ்டம்தான். 1954-ல் வந்தது ஸ்ட்ராட்டோகாஸ்டர். நம் கதாநாயகன்.

உள்ளே திறந்து பாருங்கள். ஒரு தொழிற்சாலையின் வருகைப் பதிவேடே இருக்கும். ஐம்பதுகளில் செய்த சில கழுத்துகளின் அடியில் பென்சிலில் டி.ஜி. என்று எழுதியிருக்கும். டாடியோ கோமெஸ் என்கிற தொழிலாளியின் கையெழுத்து. பிக்கப் என்கிற காந்தச் சுருளில், மயிரிழைச் செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றவேண்டும். நம் ஊரில் மோட்டார் காயில் கட்டுவார்களே, அந்த மாதிரி வேலை. 1956-ல் அங்கே வேலைக்குச் சேர்ந்த அபிகெயில் இபாரா என்கிற பெண்மணி சுற்றிய சுருள்களுக்கு இன்றைக்கும் தனி மவுசு. வால்யூம் கன்ட்ரோலின் முதுகில் ஓர் எண் இருக்கும். 3046120 என்று இருந்தால், 304 என்பது ஸ்டாக்போல் கம்பெனி, 61 என்பது 1961, 20 என்பது அந்த வருஷத்தின் இருபதாவது வாரம். அந்தப் பாகம் ஒரிஜினல் என்றால், கிடார் அந்த வாரத்துக்கு முன்னால் பிறந்திருக்கமுடியாது.

1965 ஜனவரியில் லியோ தன் கம்பெனியை சி.பி.எஸ். நிறுவனத்துக்கு விற்றார். 1 கோடியே 30 லட்சம் டாலர். பிறகு தரம் இறங்கியது என்று வாசிப்பவர்கள் முணுமுணுத்தார்கள். 'சி.பி.எஸ்ஸுக்கு முன்', 'பின்' என்று கி.மு., கி.பி. மாதிரி பிரித்தார்கள். அங்கிருந்து விலை ஏறத் தொடங்கியது.

அப்படியானால் கைவைக்கவே கூடாதா? கூடும். வீணையில் மெட்டு என்கிறோமே, கிடாரில் அது ஃப்ரெட். வாசிக்க வாசிக்கத் தேயும். மாற்றித்தான் ஆகவேண்டும், யாரும் தப்பு சொல்லமாட்டார்கள். கரகர சத்தத்துக்குத் துப்புரவுத் திரவம் அடித்துத் திருகினால் பெரும்பாலும் போய்விடும். எடுத்த எடுப்பில் பழைய ஈயப்பற்றை உருக்காதீர்கள். எதையாவது மாற்றினால் பழைய பாகத்தை உறையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். அதுவும் சொத்து. வெளிநாட்டிலிருந்து வாங்குவதானால் இன்னொன்று: அறுபதுகளின் ஆரம்பத்துக் கிடார்களின் கழுத்தில் பிரேசில் ரோஸ்வுட் இருக்கும். நம் ஈட்டி மரத்துக்குத் தாயாதி. 1992 முதல் அதற்குச் சர்வதேசக் கட்டுப்பாடு. பேப்பர் இல்லாமல் எல்லை தாண்டினால் கஸ்டம்ஸில் மாட்டும்.

இதையெல்லாம் ஒரு பையன் யாரும் சொல்லித்தராமலே செய்தான். அயர்லாந்தில், கார்க் நகரத்தில்.

அங்கே ஜிம் கான்லன் என்றொரு கிடார்க்காரர். ஹேங்க் மார்வின் வைத்திருந்த மாதிரி சிவப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் வேண்டும் என்று ஆர்டர் கொடுத்தார். வந்ததோ நடுவில் மஞ்சள், ஓரத்தில் கருப்பு என்று 'சன்பர்ஸ்ட்'. சிவப்பு வரும்வரை அதை வாசித்தார். வந்ததும் இதைத் தள்ளிவிட்டார். 1963-ல் க்ரௌலி கடையில் செகண்ட் ஹேண்டாகத் தொங்கிய அந்த 1961-ம் வருஷக் கிடாரைப் பார்த்து மயங்கி நின்றான் ரோரி கேலஹர். வயது 15. விலை சுமார் 100 பவுண்ட். சாமானியக் குடும்பத்துக்கு மலை மாதிரித் தொகை. தவணையில் வாங்கினான். கடன் அடைக்க நடன இசைக்குழு ஒன்றில் சேர்ந்து ஊர் ஊராக வாசித்தான்.

அறுபதுகளின் நடுவில் டப்ளினில் ஒரு வேனிலிருந்து கிடார் திருடுபோனது. சில நாள் கழித்துக் கிடைத்தது. எங்கே? ஒரு பள்ளத்தில், ஈரத்தில், கீறல்களோடு. இனி இதை விற்பதும் இல்லை, பெயின்ட் அடிப்பதும் இல்லை என்று அப்போது முடிவு செய்தார் கேலஹர்.

மேடையில் மனிதருக்கு வியர்வை ஆறாக ஓடும். அவருக்கு அபூர்வ ரத்த வகை, அதனால் வியர்வையில் அமிலம் அதிகம் என்று ரசிகர்கள் கதை கட்டினார்கள். அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. அந்தக் காலத்துப் பூச்சு நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர், கார்களுக்கு அடித்த ரகம். மெலிசு. வருஷக்கணக்கில் வியர்வையும் முழங்கையும் பட்டால் உரியாமல் என்ன செய்யும்? கடைசியில் மஞ்சளும் கருப்பும் அங்கங்கே தீவுகளாகத்தான் மிஞ்சின.

ஆனால் வாசிக்கத் தேவையானதை எல்லாம் மாற்றிக்கொண்டே இருந்தார். ஃப்ரெட்டுகள் பலமுறை மாறின. பிருடைகள் மாறின, அதிலும் ஒன்று மற்றவற்றோடு சேராத ஒற்றைப் பிருடை. கழுத்து வியர்வையைக் குடித்துக் குடித்து வளைந்துபோனது. நான்கு திருகையும் கழற்றி அதைக் காயவைத்துவிட்டு, வேறு கழுத்து மாட்டி வாசித்தார். காய்ந்ததும் பழையது திரும்ப வந்தது. ரேடியோக்கடை லியோ எதற்காகத் திருகு வைத்தாரோ, அதற்குத்தான்!

1995 ஜூனில், 47 வயதில் கேலஹர் காலமானார். அதே வருஷம் ஃபெண்டர் கம்பெனி 'ரெலிக்' என்று ஒரு வரிசையை அறிமுகம் செய்தது. புதுக் கிடார்தான். ஆனால் தொழிற்சாலையிலேயே பெயின்ட்டை உரித்து, உலோகத்தை மங்கவைத்து, நாற்பது வருஷம் வாசித்த மாதிரி ஆக்கித் தருவார்கள். கிழிந்த ஜீன்ஸ் கதைதான். விலை? சாதாரணக் கிடாரைவிட ஜாஸ்தி!

அசலான தேய்மானத்துக்கு என்ன விலை என்பது 2024 அக்டோபரில் தெரிந்தது. லண்டனில் பான்ஹாம்ஸ் ஏலத்தில் கேலஹரின் கிடார் வந்தது. 8,89,400 பவுண்டுக்குப் போயிற்று. எடுத்தவர்கள் அதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதற்காகவே வாங்கினார்கள். கார்க் பையனின் தவணைக் கிடார் அதே கோலத்தில், பெயின்ட் இல்லாமல், ஒற்றைப் பிருடையோடு அயர்லாந்துக்கே திரும்ப வழி பிறந்தது.