பல் எக்ஸ்ரேவில் கருப்பு வட்டம்: எல்லாமே சீழ்க்கட்டி இல்லை!

நெல்லை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியோ, அம்பாசமுத்திரம் கிளினிக்கோ, பல் எக்ஸ்ரே கைக்கு வந்ததும் கண் கருப்பைத்தான் தேடும். எனாமல் பளிச் வெள்ளை, நடுவில் பற்கூழ் கருப்பு, இது இயல்பு. சொத்தையும் கருப்புதான், ஆனால் 30 சதவீதத்துக்கு மேல் தாது கரைந்த பிறகே படத்தில் தெரியும்.

பெரிய குழப்பம் கீழ்த்தாடை முன்கடைவாய்ப் பற்களில். வேர் நுனியில் ஒரு கருப்பு வட்டம், சீழ்க்கட்டி மாதிரியே இருக்கும். கீழுதட்டுக்கும் நாடிக்கும் போகும் நரம்பு எலும்பைவிட்டு வெளியே வரும் துளையாகவும் அது இருக்கலாம். தப்பாகப் படித்தால் நல்ல பல்லுக்கு ரூட் கெனால்!

டாக்டர்கள் எப்படிப் பிரிக்கிறார்கள்? வேரைச் சுற்றிய மெல்லிய வெள்ளைக் கோடு அறுபடவில்லை, குளிர் வைத்தால் பல் கூசி உடனே அடங்குகிறது, கோணம் மாற்றி எடுத்தால் வட்டம் வேரைவிட்டு நகர்கிறது என்றால், அது பெரும்பாலும் துளைதான்.