மூடாத வயிறு



வயிற்றைக் கீறிச் சிகிச்சை செய்த வைத்தியர், அதனைத் தைத்து மூடிய பின்னரே நோயாளியை மேசையிலிருந்து இறக்கவேண்டும் என்பது சத்திரசிகிச்சையில் நெடுங்காலம் நிலவிய விதி. விதி நியாயமானதே. மூடாது விட்டாற் குடல் வெளியே தள்ளும், உடலின் நீரும் வெப்பமும் வெளியேறும், கிருமி புகும். ஆயினும், அவ்விதியைக் காக்க முயன்று நோயாளியை இழந்த சந்தர்ப்பங்கள் பல.

1940ஆம் ஆண்டில், போர்க்காயங்களைப் பற்றி எழுதிய பிரித்தானிய வைத்தியர் ஹெனேஜ் ஒகில்வி, சதை சிதைந்த வயிற்றை வலிந்து இழுத்துத் தைப்பதற்குப் பதிலாக, வசிலீன் ஊட்டிக் கிருமிநீக்கிய துணியை இடைவெளியில் வைத்துத் தைக்கலாமென்றார். அம்முறை அன்று பெருவழக்காகவில்லை.

மிகுந்த குருதி இழந்தவனின் உடல் குளிர்கிறது; குருதி உறையும் தன்மையை இழக்கிறது. அந்நிலையில் தையலை நீட்டிக்கொண்டே போவது அவனைக் கொல்வதாகும். 1983இல் அமெரிக்க வைத்தியர் ஸ்ரோன் என்பாரும் துணைவரும் இத்தகைய 31 நோயாளரின் வரலாற்றை வெளியிட்டனர். வழமைப்படி சிகிச்சை பெற்ற 14 பேரில் ஒருவரே பிழைத்தார். துணிகளை உள்ளே திணித்துக் குருதியை அடக்கி, வேலையை இடையில் நிறுத்தி, உடல் தேறியபின் மீண்டும் திறந்து முடித்த 17 பேரில் 11 பேர் பிழைத்தனர். ஸ்ரோன் இடையில் வயிற்றை இறுக மூடியே வைத்தார் என்பதையும் சொல்லவேண்டும்.

அவ்விறுக்கமே அடுத்த சிக்கல். வீங்கிய குடலை அடைத்துத் தைப்பது, பொங்கும் பானையின் மூடியை அழுத்திப் பிடிப்பது போன்றது. உள்ளமுக்கம் பாதரச அளவில் 20 மில்லிமீற்றரைத் தாண்டி நிலைத்தாற் சிறுநீர் குறைகிறது, மூச்சு திணறுகிறது.

இங்கேதான் கொலம்பியா வருகிறது. 1984இல், பொகோட்டா நகரிற் பயிற்சியிலிருந்த இளம் வைத்தியர் ஒசுவால்டோ பொராயெஸ், மருந்துநீர் அடைத்து வரும் பிளாஸ்டிக் பையை வெட்டி விரித்து, திறந்த வயிற்றின் விளிம்புகளோடு தைத்தார். பை மலிவானது, எந்த வைத்தியசாலையிலும் கிடைப்பது, குடலோடு ஒட்டாதது. அதைவிட மேலாக, அது கண்ணாடிபோல் தெளிவானது. குடல் சிவந்திருக்கிறதா, கறுக்கிறதா என்பதைத் தையலைப் பிரிக்காமலே பார்க்கலாம். பெரிய ஆய்வுகூடமொன்றும் இதனைப் பிறப்பிக்கவில்லை. உலகம் பின்னர் அதற்குப் ‘பொகோட்டாப் பை’ என்றே பெயரிட்டது.

1993இல் பிலடெல்பியா வைத்தியர்கள் இம்முழு வழிமுறைக்கும் கடற்படையிலிருந்து பெயரொன்றைக் கடன் வாங்கினர்: ‘சேதக் கட்டுப்பாடு’. அடிபட்ட கப்பலின் ஓட்டையை அடைத்துத் துறைமுகம் சேர்ப்பதே முதற்கடமை, பழுதுபார்ப்பது பிறகு.

பைக்கும் குறையுண்டு. கசியும் நீரை அது சரிவர வெளியேற்றாது. வயிற்றின் விளிம்புகள் நாளுக்குநாள் விலகுவதையும் தடுக்காது. 1990களிற் பரவிய உறிஞ்சுமுறைக் கட்டுகள் இக்குறைகளை ஓரளவு தீர்த்தன. எனினும் வெளிப்பட்ட குடல் துளைபட்டு மலநீர் ஒழுகத் தொடங்குவதே இன்றும் மிக அஞ்சப்படும் இடர். அதனால், வயிறு திறந்த நோயாளியின் படுக்கையருகே வைத்தியர் நாள்தோறும் கேட்கும் கேள்வி, ‘இன்று மூடலாமா?’ என்பதே. ஒரு வாரத்துள் மூடப்பட்டோர் நன்கு தேறுகின்றனர். மூடவியலாதோர்க்கு, புதுச்சதை படர்ந்த குடலின் மேல் தோலை ஒட்டிவைத்து, பல மாதங்கள் காத்திருந்து, வயிற்றுச் சுவரைப் பின்னர் அமைக்கின்றனர்.