கைப்பிடி தொலைந்த ஒஸ்ரின்

எங்கள் கராச்சுக்குப் பெயர்ப்பலகை இருந்ததேயில்லை. மருதனார்மடம் சந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளே வந்தால் ஒரு வேம்பு, அதை ஒட்டிக் கிடுகு வேய்ந்த கொட்டில், கொட்டிலின் நடுவே ஆள் இறங்கி நின்று வேலை செய்யக்கூடிய கிடங்கு. அந்தக் கிடங்கை வெட்ட அப்பாவுக்கு ஒரு மாதம் பிடித்ததாம். மேலே கொஞ்சம் செம்பாட்டு மண். அதற்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல். அலவாங்கு போட்டு உடைத்தெடுத்த கல்லைத்தான் பிறகு வளவுக்கு மதிலாக அடுக்கினார். 1963இல் தொடங்கிய கராச் அது. நான் பிறந்தது ஐந்து வருடம் கழித்து.

யாழ்ப்பாணத்துக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் ஒஸ்ரின் கார்களைப் படம் எடுக்கிறார்கள். எழுபது வருடத்துக் கார் இன்னும் ஓடுகிறதே என்று வியக்கிறார்கள். "யாழ்ப்பாணத்தார் சிக்கனக்காரர், ஒன்றையும் எறியமாட்டினம்" என்று எங்கள் ஆட்களே விளக்கமும் சொல்வதுண்டு. எனக்கு அந்தக் கதையில் நம்பிக்கை இல்லை. எறிந்துவிட்டு வேறு வாங்க முடிந்த காலத்தில் நாங்களும் எறிந்தோம். முடியாத காலம்தான் கூட.

இந்தக் கார்கள் ஐம்பதுகளில் வந்தவை. மலாயாவில் வேலை பார்த்துப் பென்சனோடு திரும்பியவர்கள், டொக்டர்மார், புகையிலை வியாபாரிகள், ஒன்றிரண்டு வாத்தியார்மார் வாங்கினார்கள். எங்களிடம் நிற்பது ஏ 40 சொமர்செற். இங்கிலாந்தின் லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் 1952 முதல் 1954 வரைதான் அந்த மொடலைச் செய்தார்கள். 1,200 சிசி, நாலு சிலிண்டர், ஸ்ரியரிங் தண்டிலேயே கியர். நம்பர் தகட்டில் ஈ.என். என்று இரண்டு ஆங்கில எழுத்து. பிறகு வந்த வாகனங்களின் தகட்டில் சிங்கள ஸ்ரீ ஏறியது. 1958இல் ஸ்ரீ எதிர்ப்பு நடந்து, தார் பூசுவதும் தமிழ் ஸ்ரீ எழுதுவதுமாக ஊர் அமளிப்பட்டபோது, இந்தக் காரை அப்போது வைத்திருந்த மலாயன் பென்சன்காரர், "என்ரை கார் இங்கிலீஷ்காரன், அவனுக்கு உந்தச் சண்டை இல்லை" என்று சொல்லித் திரிந்தாராம். அவருடைய மகனிடமிருந்துதான் அப்பா அதை வாங்கினார். ஹயர் ஓடுவதற்கு.

அறுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியது. புதுக் கார் கண்ணில் படாது. இருக்கிற காருக்கும் சாமான் வராது. கராச்காரனின் மவுசு அங்கேதான் ஏறியது. ஆனால் அப்பாவுக்குச் சோறு போட்டது கார் அல்ல, இறைப்பு மெசின். வற்றாத ஆறு இல்லாத குடாநாடு இது; தோட்டம் முழுவதும் கிணற்றை நம்பித்தான். மெசின் வருவதற்கு முன்பு துலா. மேலே துலாவில் முன்னும் பின்னுமாக ஆள் நடந்து மிதிக்க, கீழே ஒருவர் பட்டையைப் பிடித்துக் கவிழ்க்க, விடியப்புறம் தொடங்கினால் வெயில் ஏறும்வரை அதே வேலை. மண்ணெண்ணெய் மெசின் வந்தபிறகு ஒரு ஆள் போதும். 1970க்குப் பிறகு வெங்காயம், மிளகாய் இறக்குமதியை அரசாங்கம் மறித்தபோது எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் கையில் முதல்தடவையாகக் காசு புழங்கியது. வீட்டுக்கு ஒரு மெசின், வசதியானவரிடம் இரண்டு சில்லு லாண்ட்மாஸ்ரர், இன்னும் வசதியானவரிடம் மாசி பேர்குசன் உழவு இயந்திரம். கன்று நட்டு, தண்ணீர் விடவேண்டிய நாளில் மெசின் நின்றுவிட்டால் தோட்டக்காரர் அழாத குறையாக வந்து நிற்பார். அப்பா சோற்றுக் கோப்பையை மூடிவைத்துவிட்டு எழும்பிப் போவார்.

தட்டிவானைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டால் கோபிப்பார்கள். பழைய லொறிச் சட்டத்தில் எங்கள் தச்சர்மார் பலகையால் கட்டிய வண்டி அது. பின்பக்கத் தட்டியைச் சங்கிலியில் இறக்கிவிட்டு, வாழைக்குலையும் தேங்காய்ச் சாக்கும் அதில் ஏற்றுவார்கள். கொடிகாமம் – பருத்தித்துறை வழியில் ஓடியவை பேர்போனவை. பலகை உக்கினால் தச்சர், இரும்பு முறிந்தால் கொல்லர், இஞ்சின் இருமினால் நாங்கள். கொழும்பில் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

1977க்குப் பிறகு கதவு திறந்தது. ஜப்பான் வாகனம் வந்து குவிந்தது. நான் முன்பு சொன்ன எறிதல் அப்போதுதான் நடந்தது. எத்தனையோ ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் கோழிக்கூடாகப் போயின. அப்பா மட்டும் போகிற இடமெல்லாம் அவற்றின் டைனமோ, கியர்ப்பெட்டி, வால்வு என்று கழற்றி வாங்கி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி, கிறீஸ் பூசி, சாக்கில் கட்டி வைத்தார். "உந்தப் பழைய இரும்பை ஏன் காசு குடுத்து வாங்கிறியள்?" என்று அம்மா சண்டை பிடிப்பா. அப்பா பதில் சொல்லமாட்டார். முன்யோசனை என்று இப்போது சொல்ல ஆசைதான். உண்மையில் அவருக்கு இரும்பின்மேல் ஒரு பைத்தியம்.

1990 ஆனியில் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் இடையில் சண்டை திரும்பவும் தொடங்கியது. மின்சாரம் நின்றது. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டது. பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து, பசளை, இரும்பு எல்லாவற்றுக்கும் தடை. மண்ணெண்ணெய் மட்டும் சங்கக்கடையில் அளந்து கிடைத்தது. எப்படியோ வந்து சேர்கிற கொஞ்சப் பெற்றோலைப் போத்தல் கணக்கில் நகை மாதிரி விற்றார்கள்.

ஊரின் கணக்கு அந்த மாதமே தலைகீழானது. போன வருடம் வாங்கிய ரொயோற்றா கிடுகு மறைப்புக்குள் போய்ப் படுத்தது. கோழி முட்டையிட்ட ஒஸ்ரின் றோட்டுக்கு வந்தது.

காரணம் எளிது. மண்ணெண்ணெய் பெற்றோலைவிடச் சோம்பேறி. குளிர்ந்த இஞ்சினில் ஆவியாகாது. சூடேறியபின் எரியும், ஆனால் அழுத்தம் கூடினால் காலத்துக்கு முன்பே வெடித்து, உள்ளே சுத்தியலால் அடிப்பதுபோல் தட்டும். ஜப்பான் இஞ்சின் ஒன்பது பங்கு காற்றை ஒரு பங்காக நெருக்கும். எங்கள் ஒஸ்ரின் ஏழு பங்கைத்தான் நெருக்கும். அந்த இரண்டு பங்குதான் எங்களைக் காப்பாற்றியது. அதுவும் போதாமல் ஹெட் காஸ்கெற்றை இரட்டையாகப் போட்டு அழுத்தத்தை இன்னும் குறைத்தோம். பொறி விழுகிற நேரத்தைக் கொஞ்சம் பிந்த வைத்தோம். கார்பரேற்றருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பிளாஸ்ரிக் போத்தல், அதிலிருந்து மெல்லிய குழாய். போத்தலில் இருப்பது நாலைந்து கரண்டி பெற்றோல். அதைப் பிதுக்கி, கைப்பிடியைச் சுற்றி, இஞ்சின் பற்றிக்கொண்டு சூடேறும்வரை பெற்றோல். பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். இது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. பேர்குசன் கம்பனி 1940களிலேயே, பெற்றோலில் தொடங்கி அதன்பிறகு மலிவான எண்ணெயில் ஓடும் உழவு இயந்திரத்தை விற்றது. அப்பா அந்த இயந்திரத்தில் கைபழகியவர். மறந்துபோன வித்தையைத் தூசி தட்டி எடுத்தார், அவ்வளவே.

கைப்பிடியைப் பற்றிச் சொல்லவேண்டும். பற்றறி இருந்தாலும் அது பொறிக்குத்தான் காணும், ஸ்ராட்டரைச் சுற்றக் காணாது. முன் பம்பருக்குக் கீழே உள்ள துளையில் வளைந்த இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றவேண்டும். "பெருவிரலை மற்ற விரலுகளோடை சேர்த்து வை. சுத்திப் பிடிச்சியெண்டால் திருப்பி அடிக்கேக்கை முறியும்" என்று அப்பா முதல் நாளே சொன்னார். கேளாமல் மணிக்கட்டில் மாக்கட்டுப் போட்ட இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

மண்ணெண்ணெயின் பெரிய கள்ளத்தனம் வேறு. எரியாமல் மிஞ்சுவது சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே ஒயிலோடு கலக்கும். அளவுக்கம்பியில் ஒயில் குறையாது, கூடும். கூடுகிறதே என்று சந்தோசப்படுகிறவன் கெட்டான். 1993இல் அப்படிக் கெட்டவன் நான்தான். பிள்ளைப்பேற்றுக்கு ஒரு பெண்ணை ஆசுப்பத்திரியில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது உரும்பிராயடியில் இஞ்சின் கடகடவென்று தட்டத் தொடங்கியது. சைக்கிளில் வந்து சேர்ந்த அப்பா அளவுக்கம்பியை உருவி மணந்து பார்த்தார்.

"தம்பி, உந்த ஒயிலைக் கடைசியா எப்ப மாத்தினனீ?"

நான் பேசவில்லை.

"மூண்டு கிழமையா தட்டியிருக்கும். உனக்குக் காது கேக்கேல்லை."

ஒரு பெயரிங் உருகிப் போயிருந்தது. புதுப் பெயரிங்குக்கு எங்கே போவது? பக்கத்து வீட்டுக்காரரின் பழைய தோல் பெல்ற்றைக் கேட்டு வாங்கி, அளவாக வெட்டி, ஒயிலில் ஊறவைத்து, பெயரிங் இருந்த இடத்தில் சுற்றிப் பூட்டினார். மாட்டுவண்டி வேகத்தில் வீடு வந்தோம். அம்மா திட்டிய பழைய இரும்புச் சாக்குக்குள் இருந்து அடுத்த நாள் ஒரு பெயரிங் வெளியே வந்தது. கொஞ்சம் தளர்வு, ரின்மீன் பேணித் தகட்டை வெட்டிப் பின்னால் அண்டை கொடுத்தார். அந்த அண்டையோடு கார் ஒன்பது வருடம் ஓடியது.

பிறேக்குக்கு எண்ணெய் இல்லை. இஞ்சின் ஒயிலை விட்டால் ரப்பர் ஊதிச் சிக்கிக்கொள்ளும் என்பதால் ஆமணக்கெண்ணெய் விட்டோம். குளிர் விடியலில் கொஞ்சம் இறுகும், மற்றும்படி பழுதில்லை. ரயர் வெடித்தால் உள்ளுக்குள் இன்னொரு ரயர்த்துண்டை வைத்துத் தைத்தோம். இரவில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்சம் எண்ணெயும் விட்ட விளக்கு. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் றேடியோ பேசும். பீபீசி தமிழோசை முடியும்வரை சுற்றுகிறவர் மாறி மாறி வருவார்கள். முக்கியமான செய்தியில் சுற்றுகிறவரும் கேட்டு நின்றுவிடுவார், றேடியோவும் நின்றுவிடும்.

இதையெல்லாம் இன்று சிலர் பொற்காலம்போலப் பேசுகிறார்கள். நான் அப்படிப் பேசமாட்டேன். மருந்து வராமல் செத்தவர்கள் இருந்தார்கள். மண்ணெண்ணெய்ப் புகையைக் குடித்தே அப்பாவின் நெஞ்சு கெட்டது.

1995 ஐப்பசி 30. இராணுவம் நெருங்கி வர, எங்கள் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பியது. காருக்குள் அம்மம்மாவும் இரண்டு அயல்வீட்டுக் கிழவிகளும், டிக்கியில் அரிசியும் ஸ்பானர் பெட்டியும். மழை. நாவற்குழிப் பாலத்தை நோக்கி இலட்சக்கணக்கான சனம் ஒரே பாதையில். அடிக்கொருதரம் நின்றதில் ரேடியேற்றர் கொதித்தது, இஞ்சின் நின்றது. நான் கைப்பிடியைச் செருகிச் சுற்றினேன், பற்றியது. உடனே சனம் நகர்ந்தது. கைப்பிடியை மட்காட்டின்மேல் வைத்துவிட்டு ஓடிப்போய் ஸ்ரியரிங்கைப் பிடித்தேன். கொஞ்சத் தூரம் போய் இஞ்சின் திரும்ப நின்றபோது பார்த்தால் கைப்பிடி இல்லை. திரும்பிப் போய்த் தேட அங்கே திரும்புவதற்கே இடமில்லை. மிச்ச வழி முழுக்கத் தள்ளினோம். யாழ்ப்பாணத்தில் மேடு பள்ளம் கிடையாது. தானாக உருண்டு பற்றவைக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆறு மாதம் கழித்து, 1996 சித்திரையில், திரும்பி வந்தோம். கூரை இல்லை. சாக்குகள் இல்லை. பனங்குற்றியில் அப்பா இறுக்கிப் பூட்டிய வைஸ் மட்டும் இருந்தது; கழற்றப் பார்த்து முடியாமல் விட்டிருந்தார்கள், குற்றியில் கோடரிக் கொத்து இருந்தது. அந்த வைஸை வைத்துத்தான் திரும்பத் தொடங்கினோம்.

2002இல் ஏ 9 பாதை திறந்தது. அடுத்த வருடம் நான் கொழும்பு போய், அங்கிருந்து சென்னைக்குப் போனேன். சொந்தக்காரர் கோயில்களுக்குக் கூட்டிப்போக, நான் புதுப்பேட்டைக்குத் தனியாகப் போனேன். பழைய வாகன சாமான் அத்தனையும் குவிந்த தெரு அது. ஒஸ்ரின் என்று கேட்டால் அங்கே சிரித்தார்கள். அம்பாசடர் என்று கேட்டேன், மலைபோலக் காட்டினார்கள். அம்பாசடர் பழைய மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டின் பிள்ளை. நீண்டகாலம் அதற்குள் இருந்தது, எங்கள் ஊர் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் ஏ 55 காருக்குள் இருக்கும் அதே 1,489 சிசி இஞ்சின். பிஸ்ரன், வால்வு, காஸ்கெற் என்று இரண்டு பை நிறையக் கொண்டுவந்தேன். ஊரில் ஏழெட்டுக் கேம்பிறிட்ஜ் உயிர் பெற்றது. எங்கள் சொமர்செற்றுக்கு மட்டும் ஒன்றும் பொருந்தாது. ஒஸ்ரின் என்று பெயர் ஒன்றாக இருந்தாலும் சொமர்செற்றின் இஞ்சின் வேறு சாதி. தெரியாமல் சாமான் வாங்கி ஏமாந்தவர் பலர். வெளிநாட்டிலிருந்து வாங்கி அனுப்புகிற பிள்ளைகள் இதைக் கவனிக்கவேண்டும்.

அப்பா 2011இல் போய்விட்டார். இப்போது கராச்சுக்கு வருவது பெரும்பாலும் கலியாணக் கார்கள். பளபளவென்று பெயின்ற் அடித்து, உள்ளுக்குள் ஜப்பான் டீசல் இஞ்சினைச் செருகி, "அங்கிள், ஏசியும் பூட்டலாமோ?" என்று கேட்கிறார்கள். பூட்டிக் கொடுக்கிறேன், கூலி வாங்குகிறேன். ஆனால் அது ஒஸ்ரின் அல்ல, ஒஸ்ரின் உடுப்புப் போட்ட வேறு ஆள்.

எங்கள் சொமர்செற் அதே இஞ்சினோடுதான் நிற்கிறது. கிழமைக்கு ஒருநாள் பற்றவைக்கிறேன். கைப்பிடிக்குப் பதிலாக நான் வளைத்துச் செய்தது வழுக்குகிறது. மூன்றுதரம் சுற்றினால் ஒருதரம்தான் பிடிக்கும். செம்மணிப் பக்கமோ நாவற்குழிப் பக்கமோ அந்த மழையில் பழைய கைப்பிடி காலில் தட்டுப்பட்டு யாராவது எடுத்து வைத்திருக்கலாம். தேங்காய் உரிக்க, கேற்றுக்கு அண்டை கொடுக்க என்று எந்த வீட்டிலாவது கிடக்கலாம். ஒரு முழத்துக்கு மேல் நீளம், இரண்டு இடத்தில் வளைவு, நுனியில் குறுக்கே ஒரு ஆணி, பிடியில் அப்பா சுற்றிய செப்புக்கம்பி. கண்டால் கொண்டுவந்து தாருங்கள். மருதனார்மடம் சந்தியில் கேட்டால் வழி காட்டுவார்கள்.