ஃபுல் சிக்னல் காட்டுது... ஆனா வீடியோ கால் கட்! வீட்டு வைஃபையைச் சரியாக அமைப்பது எப்படி?

வைஃபை சின்னத்தில் எல்லாக் கோடும் நிறைஞ்சிருக்கு. மாசாமாசம் கட்டுறது 100 எம்பிபிஎஸ் பிளான். ஆனா ஆபீஸ் மீட்டிங்கில் நீங்க பேச ஆரம்பிச்சதும் படம் உறைஞ்சுபோகும், குரல் விட்டு விட்டுக் கேட்கும். சினிமா பார்க்கும்போது இப்படி ஆனால் எரிச்சலோடு போய்விடும். வேலை நேரத்தில் ஆனால்?

பாவூர்சத்திரம் மாதிரி ஊர்களில் இந்தக் கேள்விக்கு இன்னும் கனம் அதிகம். 2011-ல் ஸோஹோ நிறுவனம் தென்காசியில் அலுவலகம் தொடங்கியது. இன்று அது மத்தளம்பாறையில் இயங்குகிறது. கொரோனாவுக்குப் பிறகு, சென்னை, பெங்களூரு கம்பெனிகளின் வேலையைச் சொந்த ஊர் வீட்டில் இருந்தே பார்ப்பவர்களும் உருவாகிவிட்டார்கள். அவர்களுக்கு இணையம் பொழுதுபோக்கு இல்லை, சம்பளம். நெட் நிற்கவில்லை என்றால், தென்காசிக்குப் போய் மறுபடியும் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏற வேண்டியதுதான்.

இந்தத் தொல்லைக்குப் பெரும்பாலும் பெரிய பிளானும் தீர்வு இல்லை, நாலு ஆன்டெனா வைத்த ரவுட்டரும் தீர்வு இல்லை. வீட்டுக்கு வயரிங் போடும்போது எந்த லைட் எங்கே என்று யோசிக்கிறோம் அல்லவா? வைஃபைக்கும் அதே யோசனை வேண்டும்.

முதலில், கோளாறு எங்கே?

நெட் இழுக்கும்போது உடனே சர்வீஸ் புரொவைடரைத் திட்டாதீர்கள். லேப்டாப்பில் 'பிங்' சோதனை செய்து பாருங்கள். முதலில் உங்கள் ரவுட்டரின் முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1), அடுத்து வெளியில் உள்ள 8.8.8.8-க்கு. ரவுட்டருக்கே பதில் வர நூற்றுக்கணக்கான மில்லிசெகண்ட் ஆகிறது, இடையிடையே பதிலே வரவில்லை என்றால் கோளாறு வீட்டுக்குள்தான். ரவுட்டர் வரை சுத்தமாக இருந்து, வெளியே மட்டும் தடுமாறினால் தாராளமாகப் புகார் கொடுக்கலாம்.

ரவுட்டர் எங்கே உட்கார்ந்திருக்கு?

ஃபைபர் கேபிள் எந்த ஜன்னல் வழியா வருதோ, அங்கேயே ரவுட்டரை மாட்டிவிட்டுப் போவதுதான் வழக்கம். அது பெரும்பாலும் முன்ஹால், டிவிக்குப் பின்னால். அலையில் பாதி தெருவுக்குப் போகும், மீதி டிவியில் மோதும். இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி, தண்ணீர் டேங்க், கம்பி கட்டிய கான்கிரீட் தளம் எல்லாமே வைஃபைக்கு எதிரிகள். வீட்டின் நடுப்பகுதியில், ஆள் உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் ரவுட்டரை வையுங்கள். கேபிளைக் கொஞ்சம் நீட்டிப் போடச் சொன்னால் போதும்.

எல்லாக் கோடும் நிறைஞ்சிருந்தாலும் ஏமாற வேண்டாம். வைஃபை அனலைசர் ஆப்களில் சிக்னலை மைனஸ் எண்ணில் பார்க்கலாம். எண் பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க நல்லது. வீடியோ காலுக்கு மைனஸ் 67 டிபிஎம் அளவாவது வேண்டும். மைனஸ் 80-க்குப் போனால் அந்த அறையில் வேலை நடக்காது. இன்னொரு விஷயம்: ரவுட்டர் சத்தமாகப் பேசினால் மட்டும் போதாது, போன் பேசுவது அதுக்குக் கேட்கணும். போனின் ஆன்டெனா சின்னது, சக்தியும் குறைவு. அதனால்தான் பெரிய ரவுட்டர் வாங்கியும் பலருக்குப் பலன் இல்லை.

2.4-ஆ, 5-ஆ?

2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டித் தூரம் போகும், ஆனால் நெரிசல் அதிகம். பக்கத்து வீட்டு வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அவன் எல்லாம் அங்கேதான். 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் களைத்துவிடும். 2018-ல் மத்திய அரசு இந்த 5 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையில் 605 மெகாஹெர்ட்ஸை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்தது. அதனால் அங்கே இடம் தாராளம். வேலை பார்க்கும் அறைக்கு 5, தூரத்து அறைக்கும் கேமராவுக்கும் 2.4 என்று பிரித்துக்கொள்ளலாம்.

வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மற்றவர்கள் காத்திருக்கணும். காய்கறி மார்க்கெட் ஏலத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினால் யார் விலையும் கேட்காது அல்லவா, அதே கதைதான். 2.4-ல் ஒன்றோடு ஒன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. பக்கத்து வீடுகள் எதில் இருக்கின்றன என்று ஆப்பில் பார்த்து, மூன்றில் காலியானதைத் தேர்ந்தெடுங்கள். சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள்.

மாடிக்கு ரிப்பீட்டரா, கேபிளா?

மாடியில் சிக்னல் இல்லை என்றதும் ரிப்பீட்டர் வாங்குவோம். சாதாரண ரிப்பீட்டர் வாங்குவதும் கொடுப்பதும் ஒரே அலையில். அதனால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதைவிட, கீழிருந்து மாடிக்கு ஒரு கேட் 6 கேபிள் இழுத்து, அங்கே ஓர் அக்சஸ் பாயின்ட் வைப்பதுதான் நிம்மதி. ஒரு கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். இரண்டு இடத்திலும் பெயரும் பாஸ்வேர்டும் ஒன்றாக இருக்கட்டும், சேனல் மட்டும் வேறு. டிவி, டெஸ்க்டாப் மாதிரி நகராத சாதனங்களையும் கேபிளிலேயே மாட்டினால், வைஃபை உங்கள் மீட்டிங்குக்கு மிச்சமாகும். புது வீடு கட்டுகிறீர்களா? சுவர் பூசும் முன்பே இதற்கென்று தனிப் பைப் போடச் சொல்லுங்கள். கரன்ட் வயர் போகும் பைப்பிலேயே இதையும் திணிக்க வேண்டாம்.

தோட்டத்து வீட்டுக்கு?

வீட்டில் இருந்து தோப்புக்கு நெட் கொண்டுபோக, எதிரெதிரே பார்க்கும் இரண்டு டிஷ் ஆன்டெனாக்கள் போதும். ஆனால் தென்னை ஓலை குறுக்கே வரக் கூடாது. கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. 5.8 ஜிகாஹெர்ட்ஸில் 500 மீட்டர் தூரத்துக்கு, நடுவழியில் நேர்கோட்டைச் சுற்றிச் சுமார் இரண்டரை மீட்டர் காலியாக இருக்கணும். மரம் வளரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கரன்ட்தான் பெரிய வில்லன்

இதற்கு நம்ம பக்கத்திலேயே பாடம் இருக்கு. 2000-களின் மத்தியில், தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுவட்டார கிராமக் கண் பரிசோதனை மையங்களோடு வைஃபை வழியாகவே இணைத்தது அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக பெர்க்லி ஆய்வுக் குழு. உயரக் கம்பங்களில் ஆன்டெனா, பல கிலோமீட்டர் இணைப்பு. கிராமத்து நோயாளியை, தேனியில் இருந்த டாக்டர் வீடியோவில் பார்த்தார். அங்கே லைன் நின்றால், நோயாளி பஸ் ஏற வேண்டும்.

அந்தக் குழு 2008-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் அழுத்திச் சொன்ன விஷயம் சிக்னல் இல்லை, மின்சாரம். ஏறி இறங்கும் வோல்டேஜ் கருவிகளைத் திரும்பத் திரும்பப் பழுதாக்கியது. உள்ளூர் ஊழியர்களே கோளாறைக் கண்டுபிடிக்கப் பழகிய பிறகுதான் நெட்வொர்க் நிலைத்தது.

ஆடிக் காற்றில் கரன்ட் போய்ப் போய் வரும் ஊருக்கு இது அப்படியே பொருந்தும். ஒரு நொடி கரன்ட் போனாலும் ரவுட்டர் அணைந்து, மறுபடி எழும்ப ஓரிரு நிமிடம் ஆகும். அதற்குள் மீட்டிங் போயே போச்சு. ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் ஒரு மினி யுபிஎஸ் மாட்டுங்கள். அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்ப் அளவைப் பார்த்து வாங்கணும். மாடிக்கு அக்சஸ் பாயின்ட் வைத்தால் அதற்கும் பேக்கப் வேண்டும், இது பலருக்கும் மறந்துபோகும். ஐப்பசி இடியைக் கணக்கில் வைத்து, இரண்டு கட்டடங்களுக்கு நடுவே வெளியில் செம்புக் கேபிள் இழுக்காதீர்கள். ஃபைபர் போட்டால் அந்த வழியில் மின்னல் உள்ளே வராது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யத் தேவையில்லை. முதலில் ரவுட்டரை இடம் மாற்றுங்கள், காசு செலவில்லை. அடுத்து சேனல். பிறகு மினி யுபிஎஸ். அதன்பிறகும் மாடியில் திணறினால் மட்டும் கேபிளும் அக்சஸ் பாயின்ட்டும். ஒவ்வொன்றையும் செய்துவிட்டு ஒரு தடவை பிங் போட்டுப் பாருங்கள். எது வேலை செய்தது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.