1908: கார்ட்டூனுக்கு ஒரு சர்வர், பாண்டிச்சேரியில்

போன எபிசோடுல 'சாலட் ஃபிங்கர்ஸ்' பத்திப் பேசினதுக்கு வந்த மெயில்ல பாதி, "இதையெல்லாம் எப்படிப்பா ரசிக்கிறே?" ரகம். நியாயமான கேள்விதான். பச்சை நிறத்துல ஒல்லியா ஒரு ஆசாமி, துருப்பிடிச்ச ஸ்பூனைத் தடவித் தடவிப் பரவசப்படுறான். டேவிட் ஃபிர்த் என்ற பிரிட்டிஷ்காரர் 2004-ல் ஃபிளாஷில் செய்தது. 'ஹேப்பி ட்ரீ ஃபிரெண்ட்ஸ்' இன்னும் மோசம். குழந்தைகள் புத்தகத்திலிருந்து எழுந்து வந்த மாதிரி முயல், அணில் எல்லாம் சில நிமிஷத்துக்குள்ள துண்டு துண்டாகும். சிரிக்கிறோம். சிரிச்ச பிறகு கொஞ்சம் சங்கடமா இருக்கு. எனக்கு அந்தச் சங்கடம்தான் ருசி.

இந்த ருசி இணையத்தோட பிறந்ததுன்னு நினைக்கிறவங்களை 1908-க்குக் கூட்டிட்டுப் போறேன். ஆகஸ்ட் 17, பாரிஸ். எமில் கோல் என்பவர் 'ஃபான்டாஸ்மகோரி'ன்னு ஒரு படம் திரையிடுறார். சுமார் 700 ஓவியங்கள், ஓடுறது இரண்டு நிமிஷத்துக்கும் குறைவு. கையால் வரைந்த அனிமேஷன் படங்களில் முதலாவதுன்னு பொதுவா இதைத்தான் சொல்வாங்க. கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோட்டுக் கோமாளி. எதுவும் எதுவாகவும் மாறுது. கோமாளி விழுந்து உடையுறான். வரைந்தவரோட கையே ஃபிரேமுக்குள்ள வந்து அவனை ஒட்டவைக்குது. ஆக, இந்தக் கலை தவழ ஆரம்பிச்சபோதே ஆளை உடைச்சுதான் சிரிக்க வெச்சிருக்கு.

கோல் அடிப்படையில் கேலிச்சித்திரக்காரர். 1879-ல், ஜனாதிபதியா இருந்த மக்மஹோனைக் கிண்டல் பண்ணி வரைந்து கைதானவர். அந்தக் காலத்து பிரான்ஸில் கேலிச்சித்திரம் அச்சாகணும்னா முன்கூட்டியே அரசு அனுமதி வேணும். 1881 ஜூலை 29-ல் வந்த பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் அதைத் தூக்கியது. இங்கேதான் நம்ம ஊர் உள்ளே வருது. அந்தச் சட்டம் பிரெஞ்சுக் காலனிகளுக்கும் செல்லும்னு அதிலேயே எழுதியிருக்காங்க.

இப்போ அதே 1908, சென்னை. 'இந்தியா' வார இதழ் 1906-லிருந்து வந்துட்டிருக்கு, ஆசிரியப் பொறுப்பு பாரதி. தமிழ்ப் பத்திரிகையில் அரசியல் கேலிச்சித்திரத்தை வழக்கமாக்கினது இதுதான். பெரிய படம், கூடவே அதுக்கு விளக்கம். பஞ்சம், அடக்குமுறை, மனு எழுதியே விடுதலை வாங்கிடலாம்னு நம்பின மிதவாதிகள், எதையும் விடல. அந்த வருஷம் ஆசிரியர்னு பதிவாகியிருந்த சீனிவாசன் கைதாகிறார். பாரதி பாண்டிச்சேரிக்கு வந்து சேர்றார். அக்டோபரில் 'இந்தியா' இங்கிருந்து மறுபடி அச்சாகுது.

டெவலப்பரா எனக்கு இது டக்குனு புரியுது. கன்டென்ட் அதே, வாசகர்கள் அதே, ஹோஸ்டிங் மட்டும் வேற நாட்டுல!

இதை வெச்சு பிரெஞ்சுக்காரங்களுக்கு மாலை போட வேண்டாம். சட்டம் அவங்க தங்களுக்காக எழுதிக்கிட்டது. கால்வாய்க்குக் கிழக்கே வெள்ளை நகரம், மேற்கே கறுப்பு நகரம்னு ஊரைப் பிரிச்சு வெச்சிருந்ததும் அவங்கதான். ஆனா சட்டத்துல ஒரு ஓட்டை இருந்தா அதுல ஒரு அச்சு இயந்திரத்தை நுழைக்க முடியும்னு பாரதி கூட்டம் கண்டுபிடிச்சது பாருங்க, அதுதான் எனக்குப் பிடிச்ச இடம்.

பிரிட்டிஷ்காரங்களும் சும்மா இல்ல. சர்வரைத் தொட முடியலன்னா என்ன செய்வீங்க? டிராஃபிக்கை பிளாக் பண்ணுவீங்க. பத்திரிகை பிரிட்டிஷ் இந்தியாவுக்குள்ள நுழையத் தடை. ஊரைச் சுத்தி உளவாளிகள். சந்தாதாரர்கள் பெரும்பாலும் எல்லைக்கு அந்தப் பக்கம். 1910 மார்ச்சில் 'இந்தியா' நின்னுடுச்சு. 'சித்ராவளி'ன்னு, முழுக்கக் கேலிச்சித்திரத்துக்காகவே தமிழும் ஆங்கிலமுமா ஒரு இதழ் கொண்டுவர பாரதிக்குத் திட்டம் இருந்தது. வெளிவரவே இல்ல. தமிழில் நடக்காமல் போன விஷயங்களுக்கு ஒரு பட்டியல் போட்டா, நான் இதை முதல் பத்துக்குள்ள வைப்பேன்.

பழசு எப்படித் தப்பிக்குதுங்கிறதும் யோசிக்க வேண்டிய விஷயம். கோல் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களில் பெரும்பாலானவை இன்னைக்கு இல்ல. 1938-ல் வறுமையில் செத்தார். 'இந்தியா'வோட கருத்துப்படங்களை ஆ. இரா. வேங்கடாசலபதி தேடித் தொகுத்துப் புத்தகமா கொண்டுவந்ததே 1994-ல்தான். ஃபிளாஷை அடோபி 2020 டிசம்பர் 31-ஓட கைவிட்டது. 'ரஃபிள்'னு ஒரு எமுலேட்டரை ஆர்வலர்கள் எழுதலைன்னா, நான் பள்ளிக்கூட வயசுல பிரவுசிங் சென்டர்ல பார்த்ததில் பாதியைத் திரும்பப் பார்க்கவே முடியாது.

சரி, நம்ம கதை. நானும் ஒரு நண்பனும் 42 வினாடிக்கு ஒரு அனிமேஷன் செஞ்சிருக்கோம். ஹீரோ ஒரு நண்டு. 1980-களின் கடைசியில் கட்டின துறைமுகத்துக்கு அப்புறம் நம்ம பீச்ல மணல் அரிச்சுப் போய் வெறும் பாறையா நின்னுச்சு இல்லையா, அங்க தன் வளையைத் தேடி அது அலையுது. பின்னாடி எல்லாரும் செல்ஃபி எடுக்கிறாங்க. முடிவு நண்டுக்கு நல்லதில்ல, அவ்வளவுதான் சொல்வேன். நண்பன் அரசு வேலைக்குப் பரீட்சை எழுதிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கான். "போஸ்டிங் வரட்டும்டா, அப்புறம் போடலாம்"ங்கிறான். என் பெயர்ல மட்டும் போடலாமான்னு கேட்டேன். "குரல் என்னுதுடா"ன்னான். ஃபைல் இப்போதைக்கு என் லேப்டாப்ல இருக்கு.