வீட்டுப் பக்கத்துல செல்போன் டவர்: கதிர்வீச்சு வரம்பு எவ்வளவு? யார்கிட்ட கேட்கலாம்?

செம்பரம்பாக்கம் முதல் ஒரகடம் வரை தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் பெருகப் பெருக, செல்போன் டவர்களும் கூடிக்கிட்டே போகுது. டவரில் மாட்டும் 5ஜி கருவிகளே ஒரகடம் நோக்கியா ஆலையில் தயாராகின்றன. சிக்னல் வேணும், ஆனா டவர் நம்ம வீட்டுப் பக்கம் வேண்டாம் என்பதுதான் பலரின் மனநிலை. இந்தப் பயத்துக்கு விதிகள் என்ன பதில் சொல்கின்றன?

வரம்பு எவ்வளவு?

2008-ல் சர்வதேச ஆணையத்தின் வரம்பை இந்தியா ஏற்றது. 2012 செப்டம்பர் 1 முதல் அதையும் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. அதன்படி 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு சதுர மீட்டருக்கு 0.45 வாட், 1800-க்கு 0.9 வாட். கையில் இருக்கும் போனுக்குத் தனி வரம்பு: கிலோவுக்கு 1.6 வாட். *#07# டயல் செய்தால் உங்க போனின் அளவு தெரியும்.

புற்றுநோய் வருமா?

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, 2011 மே மாதம் ரேடியோ அலைகளை '2பி' பிரிவில் வைத்தது. 'புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியம் இருக்கலாம். ஆதாரம் குறைவு' என்பதே இதன் பொருள். நிரூபணமாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. ஆனாலும் 2017-ல், குவாலியரைச் சேர்ந்த புற்றுநோயாளி ஒருவரின் மனுவில், அவர் வீட்டருகே இருந்த டவரை நிறுத்த உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

டவருக்கு நேர் கீழே ஆபத்தா?

பலரும் தப்பாகப் புரிந்துகொள்வது இதைத்தான். ஆன்டெனா அலைகளைக் கீழே கொட்டுவதில்லை, பக்கவாட்டில் வீசுகிறது. அதனால் அதே உயரத்தில் நேர் எதிரே இருக்கும் மாடி வீட்டைத்தான் கவனிக்கணும். தொலைத்தொடர்புத் துறை மாநிலங்களுக்கு அனுப்பிய வழிகாட்டுதலில், ஒரு ஆன்டெனா என்றால் 20 மீட்டர், இரண்டு என்றால் 35 மீட்டர் இடைவெளி சொல்லப்பட்டது.

சுற்றுச்சூழல் அனுமதி வேண்டாமா?

இங்கேதான் பெரிய இடைவெளி. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் செல்போன் டவர் இல்லை. 20,000 சதுர மீட்டர் கட்டடத்துக்கு முன் அனுமதி வேணும், டவருக்குத் தேவையில்லை. அதனால் மக்கள் கருத்துக் கேட்பும் நடக்காது. பறவைகள், தேனீக்கள் மீதான பாதிப்பு பற்றி 2012-ல் சுற்றுச்சூழல் அமைச்சகம் தந்தது ஆலோசனை மட்டுமே. கதிர்வீச்சு அளவுக்கும் நிறுவனங்களே சுயசான்று தருகின்றன. அதிகாரிகள் சோதிப்பது மாதிரிக்குச் சில டவர்களைத்தான்.

நீங்க என்ன செய்யலாம்?

* மத்திய அரசின் 'தரங் சஞ்சார்' இணையதளத்தில் உங்க பகுதி டவர்களைப் பார்க்கலாம்.
* சந்தேகம் இருந்தா அளந்து காட்டச் சொல்லி அதிலேயே விண்ணப்பிக்கலாம். 2017-ல் தொடங்கியபோது கட்டணம் 4,000 ரூபாய். தனி ஒருவருக்கு இது பெரிய தொகை, தெருவே சேர்ந்து கட்டினால் சுமை குறையும்.
* ஜெனரேட்டர் சத்தம், புகை தொல்லை என்றால் மாசு கட்டுப்பாட்டு வாரியத்திடம் புகார் தரலாம்.

வெறும் பயத்தைச் சொல்லும் மனுவைவிட, அளந்த எண்ணைக் காட்டும் மனுவுக்குத்தான் அதிகாரிகளிடமும் நீதிமன்றத்திலும் வலு அதிகம்.